நான்காம் பத்தி

பதினோரு வருடமாக ஊரார் மனுக்களையெல்லாம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன், தனக்கென்று முதன்முதலாக ஒரு மனு அடித்தான். பன்னிரண்டாம் நாள் அது திரும்பி வந்தது.

முதல் பக்கத்தின் தலையில் மஞ்சள் சீட்டு ஒன்று குத்தியிருந்தது. 'பத்திகளுக்கிடையே காரணம் காட்டப்படாத வெற்றிடம். மனுதாரர் நேரில் வரவும்.'

எழுத்துப் பிழை என்றால் அவனுக்குப் புரிந்திருக்கும். தேதி தப்பு, முத்திரை இல்லை, இணைப்பு விடுபட்டிருக்கிறது என்று வரும் சீட்டுகளையெல்லாம் அவன் நிறத்தை வைத்தே சொல்லிவிடுவான். வெற்றிடத்துக்குக் காரணம் கேட்கும் சீட்டை அதுவரை பார்த்ததில்லை.

அவன் வேலை பார்த்த டி.டி.பி. கடை, மனு ஏற்பு ஆணையத்துக்கு நேர் எதிரே இருந்தது. குடிநீர்க் குழாயிலிருந்து பெற்ற பிள்ளை வரைக்கும் எதைக் கேட்பதானாலும் அந்தக் கட்டடத்தில்தான் கேட்க வேண்டும். கேட்பதற்குத் தாள் வேண்டும். தாளை அடித்துக் கொடுக்க அந்தத் தெருவில் பதினான்கு கடைகள். அவன் கடையில் எல்லோரும் அவனை ஆபரேட்டர் என்றே கூப்பிட்டார்கள்.

ஆபரேட்டரின் மனைவி மழைக்காலத் தொடக்கத்தில் இறந்தாள். ஆஸ்பத்திரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பகலில். மூன்றரை வயது மகள் அப்போது அங்கேதான் இருந்தாள். தாய் இறந்தால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைத் தந்தையின் மனு ஏற்கப்படும்வரை ஆணையத்தின் இடைக்கால இல்லத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. மூன்று நாளில் முடிகிற காரியம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அறுபது நாளுக்குள் மனு ஏற்கப்படாவிட்டால் குழந்தையின் பெயர் நிரந்தரப் பதிவேட்டுக்கு மாறிவிடும் என்பதைச் சொல்லவில்லை. அது படிவத்தின் பின்பக்கத்தில் ஆறு பாயின்ட் எழுத்தில் இருந்தது. ஒரு வருடத்துக்கு முன் அந்தப் படிவத்தை அடித்தவனும் அவன்தான். நிரந்தரப் பதிவேட்டுக்குப் போன பெயர் எதுவும் திரும்பியதாக அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

நான்காம் எண் கவுன்டரில் அளவுக்காரர் உட்கார்ந்திருந்தார். அதுதான் அவருக்குத் தெருவில் பெயர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பதுபோல அவர் எஃகு ஸ்கேல் வைத்திருப்பார்.

"எத்தனை பத்தி இது?"

"அஞ்சு சார்."

"எண்ணிச் சொல்லுங்க."

எண்ணினான். முதல் பத்தியில் அவன் யார் என்று இருந்தது. அடுத்ததில் மனைவி இறந்த செய்தி. அதற்கடுத்ததில் குழந்தையை ஒப்படைக்க வேண்டும் என்ற கோரிக்கை. பிறகு வீடு, வேலை விவரம். கடைசியில் நன்றி.

"அஞ்சுதான் சார்."

அளவுக்காரர் கம்ப்யூட்டர் திரையை அவன் பக்கம் திருப்பி ஒரு பட்டனைத் தட்டினார். தாளில் தெரியாத குறிகளெல்லாம் திரையில் எழுந்து நின்றன. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ஒரு குறி. இரண்டு காலையும் ஊன்றி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும் பறவைபோல இருக்கும் என்பதால் ஆபரேட்டர்கள் அதைக் கொக்கு என்பார்கள். அவன் மனுவில் ஒன்பது கொக்குகள் நின்றன. ஐந்து எழுத்துகளுக்குப் பின்னால். நான்கு வெறும் வரியில், தனியாக.

"இந்த வரியில யாரு நிக்கிறா?"

"பத்திக் குறி சார்."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாத இடத்துல முடிவுக்குறி எதுக்கு? ஏதோ ஒண்ணு ஆரம்பிச்சாத்தானே முடியும்?"

"இடம் விடறதுக்கு எண்டரை ரெண்டு தடவை தட்டுவோம் சார். தெருவுல எல்லாரும் அப்படித்தான் பண்றோம்."

"எல்லாரும்னு சொல்றீங்க." அளவுக்காரர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "போன மாச சுற்றறிக்கை பார்க்கலையா? காலிப் பத்தியும் பத்திதான். பாருங்க, எழுத்துரு இருக்கு, பன்னிரண்டு பாயின்ட் அளவு இருக்கு, நம்பர் விழுது. எல்லாம் தயாரா இருக்கு. பேச்சுதான் இல்லை. உங்க மனுவுல ஒன்பது பத்தி இருக்கு தம்பி. நாலுல நீங்க வாயைத் திறக்கலை."

ஆபரேட்டர் தாளை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்து கடைக்கு ஓடினான். அரை நிமிட வேலை. நான்கு காலி வரிகளையும் அழித்தான். பத்தி அமைப்புப் பெட்டியைத் திறந்து, பத்திக்குப் பின் எவ்வளவு இடம் என்று கேட்கும் கட்டத்தில் ஆறு பாயின்ட் என்று போட்டான். பார்வைக்கு மனு முன்பு இருந்தமாதிரியேதான் இருந்தது, மூச்சு கொஞ்சம் அடங்கியமாதிரி. அச்செடுத்து, மை காயும்முன் கவுன்டரில் வைத்தான்.

அளவுக்காரர் ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு இடைவெளியாக அளந்தார். தலையாட்டினார். அவனுக்கு உயிர் வந்தது.

"அளவு பிரமாதம். சரி, அந்த நாலு பத்தி எங்கே?"

"எடுத்துட்டேன் சார்."

"எடுத்துட்டீங்க." ஸ்கேலைப் பையில் சொருகினார். "ஒன்பது வந்துச்சு. பதிவாச்சு. நம்பர் போட்டாச்சு. இப்ப நாலைக் காணோம். கடைசியா அதுங்க பக்கத்துல இருந்தது நீங்கதான். நான் சொல்றது புரியுதா?"

ஆபரேட்டர் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"திருப்பிக் கொண்டுவந்து வச்சிடுங்க. அதுங்களுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு விளக்கக் குழு முன்னாடி சொல்லிடுங்க. முடிஞ்சுது காரியம்."

விளக்கக் குழு இருபத்தேழாம் நாளுக்குத் தேதி கொடுத்தது.

மனைவி இறந்தபின் மாமனார் அவனோடுதான் இருந்தார். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே வேலை பார்த்தவர். வீட்டிலும் நின்றுகொண்டுதான் பேசுவார்.

"மாப்ளே, எத்தனையோ செக்கிங் இன்ஸ்பெக்டரைப் பார்த்திருக்கேன். ஏறின ஆளை எண்ணுவான், டிக்கெட்டை எண்ணுவான். காலி சீட்டைத் தட்டி எழுப்பி டிக்கெட் கேட்டவன் ஒருத்தனும் இல்லை. நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை மாமா."

"அதான் உங்ககிட்ட இருக்கிற கோளாறு."

ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லத்தில் இருபது நிமிடம் குழந்தையைப் பார்க்கலாம். சுத்தமான இடம். குறை சொல்ல வழியில்லை. கட்டில்கள் நூல் பிடித்தமாதிரி ஒரே இடைவெளியில் இருந்தன. பார்வையாளர் கூடத்தில் தரையில் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் குழந்தை, இந்தப் பக்கம் பெற்றவர். வார்டன் அம்மாள் கையில் நீள ஸ்கேலோடு நடுவில் நடந்துகொண்டிருந்தாள்.

மகளுக்குத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். "நேத்து மழை பெஞ்சுது" என்றாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. "ஜன்னலை மூடிட்டாங்க." மறுபடியும் மூன்று விரல்.

"என்ன பாப்பா பண்றே?" என்றார் மாமனார்.

அவள் விரலை மடக்கி முடித்தாள். வார்டன்தான் சொன்னாள். "ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவுல மூணு எண்ணணும் ஐயா. இந்த வயசுல பழகிட்டா, பெரிசானதும் மனு கொடுத்தாத் திரும்பி வராது. உங்க நல்லதுக்குத்தான்."

இருபது நிமிடத்தில் மகள் பேசியது பத்து வாக்கியம் இருக்கும். மீதி நேரமெல்லாம் விரலில் போயிற்று.

விளக்கக் குழுவின் தலைவி துணை ஆணையர். ஐம்பது வயதுக்காரி, கண்ணாடிக்குப் பின்னால் கனிவான கண்கள். இருபுறமும் இரண்டு உறுப்பினர்கள். ஓரத்தில் ஒரு சுருக்கெழுத்தர். ஆபரேட்டருக்கு உட்கார நாற்காலி கொடுத்தார்கள். தண்ணீரும் கொடுத்தார்கள். பதினோரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தண்ணீர் கொடுத்து அவன் பார்த்ததில்லை.

"பயப்படாதீங்க" என்றாள் துணை ஆணையர். "மக்கள் எழுதறதைப் பார்த்து இந்த ஆணையம் என்னைக்கும் பயந்ததில்லை. என்ன எழுதினாலும் பதில் சொல்ல எங்ககிட்ட ஆயிரத்து இருநூறு மாதிரிப் பதில் இருக்கு. எழுதாம விட்டதுக்குத்தான் ஒண்ணுகூட இல்லை. பதில் இல்லாத கேள்வியை வெளியில நடமாட விடலாமா? நீங்களே சொல்லுங்க. நாங்க தண்டிக்க வரலை. கேக்க வந்திருக்கோம். முந்தியெல்லாம் ஜனங்க மனசுல இருக்கிறதைத் தெரிஞ்சுக்க ஆள் அனுப்பணும், கதவுக்குப் பின்னாடி நிக்கணும். எவ்வளவு அசிங்கம்! இப்ப பாருங்க, அவங்களே தாள்ல இடம் விட்டு, நம்பரோட கொண்டுவந்து கொடுக்கிறாங்க. நாங்க நிரப்பச் சொல்றோம், அவ்வளவுதான்."

உறுப்பினர்கள் தலையசைத்தார்கள்.

"நாலாம் பத்திக்கு வருவோம். மூணுல மனைவி இறந்துட்டாங்க. அஞ்சுல குழந்தையைக் கேக்கறீங்க. நடுவுல நாலு. என்ன அது?"

"எண்டர் மேடம்."

"ஒரு தடவை தட்டினா பழக்கம். ரெண்டாம் தடவை ஏன் தட்டினீங்க?"

அவனுக்குத் தெரியவில்லை. பயிற்சி வகுப்பில் முதல் நாள் அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைச் சொன்னான். பிறகு, வெகுளியாகத்தான், ஒன்று கேட்டான். "ஆணையத்துல இருந்து வர்ற கடிதத்துலயும் கையெழுத்துக்கு மேல காலி இடம் இருக்கே மேடம்?"

சுருக்கெழுத்தரின் பென்சில் நின்றது. துணை ஆணையர் கனிவு மாறாமல் சிரித்தாள்.

"அது மரியாதை. நாங்க விடற இடம் மரியாதை, நீங்க விடற இடம் மறைப்பு. ரெண்டும் ஒரே அளவா இருக்கலாம். அதுக்காக ரெண்டும் ஒண்ணாயிடுமா? சரி, சொல்லுங்க. நாலாம் பத்தியில என்ன?"

"ஒண்ணுமில்லை மேடம்."

"உறுதியா?"

"உறுதியா."

"எழுதிக்குங்க" என்றாள் சுருக்கெழுத்தரிடம்.

எட்டு நாள் கழித்து, நிரப்பப்பட்ட மனுவின் நகல் வந்தது. அவன் அடித்த வரிகளுக்கு நடுவே, அதே எழுத்துருவில், அதே அளவில், அவன் சொன்னதையே போட்டிருந்தார்கள்.

'என் மனைவி கடந்த செவ்வாய்க்கிழமை பகல் இறந்துவிட்டாள்.'

'ஒன்றுமில்லை.'

'என் குழந்தையை என்னிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

கீழே குறிப்பு: 'மனைவியின் மரணம் குறித்து மனுதாரரிடம் ஒன்றுமில்லை என்று அவரே உறுதியளித்துள்ளார். இத்தகையவரிடம் குழந்தையை ஒப்படைப்பது குறித்து ஐயம் எழுகிறது. திருத்தம் இருப்பின் சமர்ப்பிக்கலாம்.'

முப்பத்தைந்தாம் நாள் அது.

அதற்குள் தெருவின் முகமே மாறிவிட்டிருந்தது. மஞ்சள் சீட்டு வாங்கியவர்கள் பதினான்கு கடைகளின் வாசலிலும் வரிசையில் நின்றார்கள். மனு அடிக்க வந்த கூட்டம் இல்லை அது. தங்கள் காலிப் பத்தியில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வந்த கூட்டம். அந்த இடத்தைத் தட்டியவன் ஆபரேட்டர். ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் மனுதாரன்.

"என்னப்பா விட்டிருப்பேன் நான்?" என்று கேட்டார் குழாய் இணைப்புக்கு மனு கொடுத்திருந்த பெட்டிக்கடைக்காரர். "விலாசத்துக்கும் கோரிக்கைக்கும் நடுவுல. யோசிச்சுப் பாரு. நீதானே அடிச்சே?"

"ஒண்ணும் இல்லண்ணே. சும்மா ஏதாவது சொல்லுங்க. நன்றின்னு போட்டுடுவோம்."

ஆனால் ஒரு மனிதனிடம் நீ சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் தனியே விட்டால் போதும். மூன்றாம் நாள் பெட்டிக்கடைக்காரர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் வற்புறுத்தாமல், எட்டு வரி சொன்னார். அந்த வீடு அண்ணனுடைய பங்கு என்றும், அண்ணன் நினைவு தப்பிக் கிடந்தபோது கையைப் பிடித்துக் கைநாட்டு வைத்தது தான்தான் என்றும். சொல்லி முடித்ததும் முகம் தெளிந்திருந்தது. "இப்பத்தான் லேசா இருக்கு" என்றார். ஆணையத்தில் அவரை ஒன்பதாம் அறைக்கு அனுப்பினார்கள்.

ஒன்பதாம் அறை வாசலில் குடை வைக்கும் தொட்டி ஒன்று உண்டு. ஈரக் குடையோடு உள்ளே போகக் கூடாது. கைப்பிடியில் கம்பி சுற்றிய பெட்டிக்கடைக்காரரின் குடை, மழை விட்ட மறுவாரமும் அதே தொட்டியில் இருந்தது. அவருடைய கடை திறக்கவில்லை. தொட்டியில் குடைகள் கூடிக்கொண்டே போயின. பிறகு இரண்டாவது தொட்டி வாங்கிப் போட்டார்கள். ஆணையத்தின் அந்த மாதச் சாதனைப் பட்டியலில் அது ஏழாவதாக வந்தது.

கடை முதலாளிக்கு இதிலெல்லாம் பயம் இல்லை. வியாபாரம் தெரிந்தவர். ஆபத்தில்லாத நிரப்பல்களாக ஒரு கோப்பு தயார் செய்துவிட்டார். வீடு கேட்பவனுக்குப் பணிவு. பென்ஷன் கேட்பவனுக்குத் தேசபக்தி. "துக்கத்துல மூணு தினுசு வச்சிருக்கேன் ஆபரேட்டர். கால் பக்கம், அரைப் பக்கம், ஒரு பக்கம். உனக்கு இல்லாததா? எடுத்துக்கோ."

ஆபரேட்டர் அரைப் பக்கத் துக்கத்தை எடுத்து நான்காம் பத்தியில் ஒட்டினான். 'என் வாழ்வின் ஒளிவிளக்கு அணைந்ததால் இருளில் தவிக்கிறேன்' என்று தொடங்கும். ஆறு பாயின்ட் விட்டு, நாற்பத்து நான்காம் நாள் கவுன்டரில் வைத்தான்.

அளவுக்காரர் முதல் வரியோடு நிறுத்திவிட்டார். "நேத்து இதே விளக்கு பதினாறு பேருக்கு அணைஞ்சுது தம்பி. சொந்தமா ஏதாவது இருந்தா கொண்டுவாங்க."

"எப்படி எழுதணும் சார்?"

"அதை நான் சொல்ல முடியாது. நான் அளவு மட்டும்தான் பார்ப்பேன்." கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "உள்ளதை எழுதினா சீக்கிரம் முடியும்னு மட்டும் சொல்லுவேன். எப்படி முடியும்னு கேக்காதீங்க."

வீட்டில் மாமனார் கூடத்தின் நடுவில் நின்றார். "அவளை நினைச்சு அழுது எழுதுங்க மாப்ளே. ரெண்டு வரியாவது. நீங்க அழுது நான் ஒரு நாளும் பார்க்கலை. நானும் எங்கேயும் போய்ச் சொல்லலை. ஆனா அவங்க கேக்கறாங்களே."

"வரலை மாமா."

"பின்ன என்னதான் இருக்கு அங்க?"

ஐம்பத்திரண்டாம் நாள் மதியம், கடையில் கூட்டம் சாப்பிடக் கலைந்த நேரத்தில், ஆபரேட்டர் நான்காம் பத்தியில் கர்சரை வைத்தான். ஏழு வாக்கியம். அடித்து முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. அச்செடுத்து, வீட்டுக்குப் போய், மாமனாரிடம் கொடுத்தான்.

'அன்று காலை போகாதே என்று அவள் சொன்னாள். பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன், ஒரு வேலை பாக்கி இருந்தது. திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தாள். அம்மா தூங்குகிறாள் என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். நான் சத்தம் போடாமல் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.'

மாமனார் படித்தார். தாளை நான்காக மடித்தார். மடித்ததைத் திரும்பப் பிரித்து, உள்ளங்கையால் நீவி, மடிப்பை எடுக்கப் பார்த்தார்.

"எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லை மாப்ளே" என்றார்.

பிறகு சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளர்களை மறுபடியும் கழுவ ஆரம்பித்தார். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. நின்றதும் அங்கிருந்தே கேட்டார். "இதைக் கொடுத்தா பிள்ளையைக் கொடுப்பாங்களா?"

"தெரியலை. கொடுக்கலைன்னாலும் கொடுக்கமாட்டாங்க."

மடிப்பு விழுந்த தாள் ஏற்கப்படாது என்பதால் புதிதாக அச்செடுத்துக் கொடுத்தான். அளவுக்காரர் அளந்தார். அன்று மட்டும் படித்தும் பார்த்தார் போலிருக்கிறது. ஸ்கேலைத் திரும்பப் பையில் வைக்க இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. "அமைப்பு சரியா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஐம்பத்தெட்டாம் நாள் உத்தரவு தயாராக இருந்தது. துணை ஆணையரே கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள்.

"வாழ்த்துகள். இந்த வருஷம் வந்ததுலயே முழுமையான மனு உங்களோடதுதான். பயிற்சி வகுப்புல மாதிரியா வைக்கப்போறோம். எனக்கே படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கோரிக்கை ஏற்கப்படலை, அது வேற விஷயம். மனு ஏற்கப்பட்டிருக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. உத்தரவோட அசலை நீங்களே இல்லத்துல சேர்த்துடுங்க. நிரந்தரப் பதிவேட்டுல ஏத்த அவங்களுக்கு அது வேணும். பெத்தவங்க கையால போய்ச் சேர்ந்தாத்தான் குழந்தைக்கு ஏக்கம் இருக்காதுன்னு ஒரு ஆய்வு சொல்லுது."

"சரி மேடம்."

"அறுபத்தொண்ணாம் நாள் ஒன்பதாம் அறைக்கு வந்துடுங்க. நாலாம் பத்தியைப் பத்திக் கொஞ்சம் பேசணும். குடை இருந்தா வெளியில வச்சுடுங்க."

அவன் கடையில் உட்கார்ந்து உத்தரவைப் பார்த்தான். ஒரே பக்கம். 'மனு பரிசீலிக்கப்பட்டது. பத்தி அமைப்பு நிறைவளிக்கிறது. எனினும், குழந்தையைக் கவனிப்பாரின்றி இரண்டு மணி நேரம் விட்டுச் சென்றதாக மனுதாரரே நான்காம் பத்தியில் தெரிவித்துள்ளமையால் கோரிக்கை ஏற்கத்தக்கதன்று.' பிறகு காலி இடம். பிறகு துணை ஆணையரின் கையெழுத்து, முத்திரை.

வாசித்தது மனிதன். காலி இடத்தைப் பார்த்தது ஆபரேட்டர். அவன் ஸ்கேலை எடுத்து அளந்தான். ஆணையத்தின் உள்ளே உட்கார்ந்து அடிப்பவனும் இதே தெருவில் தொழில் பழகியவன்தான். எண்டரை நான்கு தடவை தட்டியிருந்தான். மூன்று காலி வரி. வரிக்குப் பதினான்கு பாயின்ட், மொத்தம் நாற்பத்திரண்டு.

அவன் விரல் கணக்குப் போட்டது. இரண்டு வரி எழுத்து, இருபத்தெட்டு. மேலே ஆறு, கீழே ஆறு. நாற்பது. இரண்டு பாயின்ட் மிஞ்சும். அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

ஆணையத்தின் மொழி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசிப் பத்தி தனக்கு முந்திய பத்திகளையெல்லாம் மறுப்பது அங்கே பதினோரு வருட வழக்கம். அதை யாரும் விசித்திரமாக நினைக்கமாட்டார்கள். ஒரே ஒரு தொல்லை, துணை ஆணையரின் கையெழுத்தில் முதலெழுத்தின் கொம்பு மேலே நீண்டு காலி இடத்துக்குள் ஏறியிருந்தது. இரண்டாம் வரி அந்தக் கொம்பைத் தொடும்முன் முடிந்துவிட வேண்டும். சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். பத்து வெள்ளைத் தாளில் சோதனை அச்சு எடுத்து, ஒவ்வொன்றையும் உத்தரவின்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பதினோராவது தடவை, உத்தரவையே பிரிண்டரில் வைத்தான்.

தாள் உள்ளே போயிற்று. அந்த பிரிண்டர் நான்கு தாளுக்கு ஒரு தாளைக் கடிக்கும். கடிக்கவில்லை.

'ஆயினும், குழந்தையின் நலன் கருதி, சிறப்பு நேர்வாக, மேற்படி குழந்தை இன்றே தந்தையிடம் ஒப்படைக்கப்பட உத்தரவிடப்படுகிறது.'

கொம்புக்கு ஒரு எழுத்து முன்னால் முற்றுப்புள்ளி விழுந்திருந்தது.

மறுநாள் காலை மாமனாரும் அவனும் இல்லத்துக்குப் போனார்கள். மாமனார் கையில் ஒரு பை இருந்தது. வழியில் என்ன பை என்று அவன் கேட்கவில்லை. உத்தரவில் என்ன செய்தாய் என்று அவரும் கேட்கவில்லை.

வார்டன் உத்தரவை மேசைமேல் விரித்தாள். ஸ்கேலை வைத்தாள். முதல் இடைவெளி. இரண்டாவது. கடைசி இடைவெளியில் ஸ்கேலை வைத்து, கண்ணாடியைக் கழற்றி, தாளின்மேல் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தாள். சுவர்க் கடிகாரம் கேட்டது. மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு இழை கூடுதலா இருக்கோ?" என்றாள்.

"ஈரக் காத்து அம்மா" என்றான் ஆபரேட்டர். "மழைக்காலத்துல தாள் கொஞ்சம் விரியும்."

வார்டன் அவனைப் பார்த்தாள். "தொழில் தெரிஞ்சவரா இருக்கீங்க" என்று முத்திரையை எடுத்துக் குத்தினாள். அவள் உத்தரவைக் கடைசிவரை படிக்கவில்லை. முத்திரை குத்தியபின் முடிவு வரியை மட்டும் பார்த்து, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

நகல் ஆணையத்தில் இருக்கிறது. அதில் காலி இடம் காலியாகவே இருக்கிறது. மாத முடிவில் அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளப்பார்கள். மாத முடிவுக்குப் பதினொரு நாள் இருந்தது. அவன் பேருக்கு ஒன்பதாம் அறை திறக்க இரண்டு நாள்.

"வேகமா நடக்காதீங்க" என்றார் மாமனார் தெருவில். "ஓடறமாதிரி இருக்கும். பிள்ளையை என்கிட்ட கொடுங்க. வீட்டுக்குப் போகலை. துணிமணி பையில இருக்கு. எந்த பஸ்ஸை எந்த ஊர் எல்லையில நிறுத்திப் பார்க்கமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்."

பஸ்ஸில் பின்னால் இரண்டு பேர் சீட் கிடைத்தது. மாமனார் நின்றுகொண்டார். ஊர் எல்லையில் பஸ்ஸை யாரும் நிறுத்தவில்லை. தாண்டியதும் மகள் அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினாள்.

"அம்மா எழுந்தாச்சா?"

ஆபரேட்டர் வாயைத் திறந்தான். இல்லை என்றான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். தூக்கம் இல்லை அது என்றும், அன்றைக்குக் காலை தான் எங்கே போனான் என்றும், ஏன் நேரமாயிற்று என்றும், ஸ்டூலில் நின்றவளைத் தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்றும், அந்த நேரத்தில் மனசில் என்ன ஓடியது என்றும், ஐம்பத்தொன்பது நாளாக வராததெல்லாம் வரிசை தப்பி வந்தது. மூன்றரை வயதுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. அவன் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று யாராவது கேட்பார்கள்.

முன் சீட்டில் ஒருவர் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். அவர் பக்கத்தைத் திருப்பி வெகுநேரம் ஆகியிருந்தது.